தொழிலாளியின் சேமிப்பே முதற்கடன்

2023 நவம்பரில் அடுத்தடுத்து வந்த மூன்று நாட்கள் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் கணக்கை முழுதாகத் திறந்து காட்டின. 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களில் பண்டிகை வழக்கம்போல முற்பணத்தில் நடந்தது. தீபாவளி முற்பணத்தை யாரும் இனாமாகத் தருவதில்லை. அடுத்து வரும் மாதச் சம்பளங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள். 13ஆம் திகதி திங்கட்கிழமை, அன்றைய ஜனாதிபதியும் நிதியமைச்சருமான ரணில் விக்கிரமசிங்க 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் முன்வைத்தார். வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்துவதற்கு 450 பில்லியன் ரூபா அதில் ஒதுக்கப்பட்டிருந்தது. 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று உயர் நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது.

யார் காரணம் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் கிடைத்தது. நட்டத்தை யார் தலையில் கட்டினார்கள், அந்த வரிசையை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஒரு நாடு கடனில் மூழ்கும்போது பொறுப்பு என்பது பெயர்ப் பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை. மிஞ்சியிருக்கும் பணத்தில் முதலில் யாருக்குக் கொடுப்பது, யாருடைய பணத்தில் கைவைக்காமல் இருப்பது என்ற முடிவில்தான் அது உண்மையாகத் தெரிகிறது. 2023இல் ஆட்சியாளர்கள் தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பில் கைவைத்தார்கள். வேறு எந்த வழியும் இல்லாதபோதுகூடத் தயங்க வேண்டிய பணம் அது. மலையகத்தின் கணக்கைப் பார்த்தால் அந்த முடிவின் அநீதி தெளிவாகத் தெரியும்.

தீர்ப்பின் பெறுமதியும் எல்லையும்

ட்ரான்ஸ்பேரன்சி இன்டர்நெஷனல் ஸ்ரீலங்கா அமைப்பும் வர்த்தகத்துறை, விளையாட்டுத்துறை, பல்கலைக்கழகம் சார்ந்த தனிநபர்களும் தொடுத்த அடிப்படை உரிமை மனுக்களில் ஐந்து நீதியரசர்கள் அடங்கிய குழாம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன், முன்னாள் திறைசேரிச் செயலாளர் எஸ்.ஆர். ஆட்டிகல, ஜனாதிபதியின் முன்னாள் செயலாளர் பி.பி. ஜயசுந்தர ஆகியோரும் நாணயச் சபையும் மக்கள் ஒப்படைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்பதே அதன் சாரம்.

காரணங்கள் நாம் அறிந்தவைதான். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டுப் புரள்வு 12 மில்லியன் ரூபாவிலிருந்து ஒரேயடியாக 300 மில்லியனாக உயர்த்தப்பட்டது. உழைக்கும்போதே செலுத்தும் வருமான வரி நீக்கப்பட்டது. அரசின் வருமானம் சரிந்தது. சர்வதேசச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கம் கரைந்துகொண்டிருந்த வேளையிலும் டொலரை 200 ரூபாவை ஒட்டிக் கட்டிப்பிடித்து வைத்திருந்தார்கள். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு தொடங்கியிருந்த 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் முறிக்கடனைச் செலுத்தினார்கள். சர்வதேச நாணய நிதியத்திடம் போகும் முடிவை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அறிவிக்க நேர்ந்தது.

பொருளாதார முடிவு எடுப்பவர்கள் சட்டத்துக்கு மேலானவர்கள் அல்ல என்று இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னது பெரிய விடயம். ஆனால் மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா என்பதற்கு மேல் அந்தத் தீர்ப்பினால் யாருடைய பையிலிருந்தும் பணம் வெளியே வரவில்லை. மனுதாரர்கள் பொதுநலனுக்காக வந்தவர்கள். தமக்கு நட்டஈடு கேட்கவில்லை. பெயர் சொல்லப்பட்டவர்கள் செலுத்தவில்லை என்றால், வேறு யாரோ செலுத்தியிருக்க வேண்டும்.

மலையில் விழுந்த அடி

கொழும்பில் எரிபொருள் வரிசை நீண்ட நாட்களைத்தான் நெருக்கடி என்று பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தேயிலை மலைகளில் அது ஒரு வருடம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 2021 மே மாத வர்த்தமானி இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நவம்பரில் தடையை விலக்கியபோது செடி ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத வீழ்ச்சி அது.

மலையில் கொழுந்து குறைவது கம்பனியின் கணக்கேட்டில் ஓர் இலக்கம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அது அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்கூலி. நிர்ணயித்த 18 கிலோவோ 20 கிலோவோ நிறுவையில் வராவிட்டால் முழுப்பேர் கிடையாது, அரைப்பேர்தான். உரம் போடாதது அவளுடைய தவறல்ல. ஆனால் அதற்கான தண்டனையை மாதச் சம்பளச் சிட்டையில் அவளே பெற்றாள்.

அடுத்த அடி ரூபாவின் வீழ்ச்சி. 2022 மார்ச்சில் கட்டு அவிழ்ந்ததும் இரண்டே மாதங்களில் ஒரு டொலர் 360 ரூபாவை எட்டியது. தேயிலை டொலரில் விற்கப்படும் பொருள். ஆகவே கொழும்பு ஏலத்தில் 2021இல் ஒரு கிலோவுக்குச் சராசரியாகச் சுமார் 620 ரூபாவாக இருந்த விலை 2022இல் 1,270 ரூபாவளவில் இருமடங்கானது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை அறிவித்த அதே 1,000 ரூபாதான். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அதன் பெறுமதி 5 டொலர். டொலர் 360 ரூபா ஆனதும் அது 3 டொலருக்கும் கீழே இறங்கியது. அவள் பறித்த கொழுந்து டொலரில்தான் விலைபோனது. அவளுடைய கூலி மட்டும் சரிந்துகொண்டிருந்த ரூபாவில் நின்றது.

உற்பத்திச் செலவும் ஏறியது என்று கம்பனிகள் சொல்வது உண்மை. உரமூடை, எரிபொருள், மின்சாரம் எல்லாமே பல மடங்கு விலை ஏறின, விளைச்சலும் குறைந்தது. ஆனால் செலவுப் பட்டியலில் விலை ஏறாத ஒன்றே ஒன்று தொழிலாளியின் உழைப்பு. உரம் விற்றவருக்கும் எரிபொருள் விற்றவருக்கும் சந்தை விலையைக் கொடுத்த அதே கம்பனிகள் கூலியை மட்டும் பழைய இடத்தில் வைத்திருந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சம்பளத்தின் பெரும்பகுதியை மாவுக்கும் அரிசிக்கும் செலவிடும் குடும்பத்துக்கு இரண்டாவது இலக்கமே உண்மையான பணவீக்கம்.

2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபாச் சம்பளம் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று முடிந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக அந்த 1,000 ரூபா அசையவில்லை. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும் அதன்மேல் அரசாங்கம் தரும் 200 ரூபா வருகை ஊக்குவிப்பும் சேர்ந்து 1,750 ரூபாவானது. அந்தக் கடைசி 200 ரூபா பொதுமக்களின் வரிப்பணம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நாள் வங்கி விடுமுறை

2023 ஜூன் 29 தொடக்கம் ஜூலை 3 வரை வங்கிகள் தொடர்ந்து மூடப்பட்டன. பண்டிகை விடுமுறைகளுக்கும் வார இறுதிக்கும் நடுவே ஜூன் 30ஆம் திகதியை விசேட வங்கி விடுமுறையாக அறிவித்து இந்த இடைவெளியை உருவாக்கினார்கள். அதற்குள் ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை பாராளுமன்றம் கூடி, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு 122க்கு 62 என்ற வாக்குகளால் அங்கீகாரம் கொடுத்தது.

திட்டம் இதுதான். ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள் தம்மிடமிருந்த திறைசேரி முறிகளைக் கொடுத்துவிட்டுப் புதிய முறிகளை வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 சதவீத வட்டி. அதன்பின் முதிர்வுவரை 9 சதவீதம். மறுத்தால் திறைசேரி முறி வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி. விருப்பம் என்று பெயர். ஆனால் மறுப்பதற்கு வழி இல்லை. அதே திறைசேரி முறிகளை வைத்திருந்த வங்கிகளும் தனியார் முதலீட்டாளர்களும் இந்தத் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். 2022 இறுதியில் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி பெற்ற திறைசேரி உண்டியல்காரர்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சேமலாப நிதி யாருடைய பணம்? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ரூபா கழிக்கப்படுகிறது. வேலை கொடுப்பவர் பன்னிரண்டு ரூபா சேர்க்கிறார். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. வர்த்தகருக்குக் காணியும் கடையும் உண்டு. லயன் அறையின் சுவர்கூடச் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளிக்கு வாழ்நாள் உழைப்பில் எஞ்சுவது சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் சேவைக்காலப் பணமும்தான். மகளின் கல்யாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், டவுனுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணி, முதுமையில் மருந்து எல்லாம் அந்தப் பணத்தை நம்பியே திட்டமிடப்படுகின்றன.

இந்த முடிவை ஆதரித்தவர்கள் இரண்டு நியாயங்களைச் சொன்னார்கள். கணக்கில் இருக்கும் தொகை ஒரு சதம்கூடக் குறையாது, 9 சதவீத வட்டி உறுதி என்பது முதலாவது. 2023க்கு 13 சதவீதம் வரவு வைக்கப்பட்டதையும் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் சேமிப்பின் பெறுமதி ஏட்டில் எழுதிய தொகையில் இல்லை. அதைக் கொண்டு கடையில் என்ன வாங்கலாம் என்பதில் இருக்கிறது. 2021 முடிவில் நிதியில் இருந்த 100 ரூபா, 9 சதவீத வட்டியோடு 2022 முடிவில் 109 ரூபாவானது. அந்த ஒரு வருடத்தில் விலைவாசி 57 சதவீதம் ஏறியிருந்தது. ஆக, அந்த 109 ரூபாவினால் முந்திய வருடம் 69 ரூபாவுக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்க முடிந்தது. கடன் மறுசீரமைப்பு என்ற பேச்சு வருவதற்கு முன்பே தொழிலாளி தன் சேமிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பணவீக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள். ஒருமுறை கொடுத்தவளிடமே இரண்டாம் முறையும் போய் நின்றதுதான் 2023 ஜூலையில் நடந்தது.

இரண்டாவது நியாயம், வங்கிகளைத் தொட்டால் 57 மில்லியன் வைப்புக் கணக்குகள் ஆபத்தில் விழும் என்பது. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வங்கி வீழ்ந்தால் முதலில் அழிவது சிறிய சேமிப்பாளன். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் தொழிலாளியும் அவர்களில் ஒருவர். வைப்பாளரைக் காத்தது சரியான முடிவு. ஆனால் வைப்பாளரைக் காப்பதும் வங்கியின் பங்குதாரரைக் காப்பதும், கடனை வாங்கித் திருப்பிக் கட்டாதவரைக் காப்பதும் மூன்று தனித்தனிக் காரியங்கள். முதலாவதைச் சொல்லி மற்ற இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றினார்கள்.

காவலரும் கடனாளியும் ஒருவரே

சேமலாப நிதியின் பொது நிர்வாகம் தொழில் திணைக்களத்திடம் இருக்கிறது. அதைப் பாதுகாத்து முதலீடு செய்யும் பொறுப்பு 1958 முதல் மத்திய வங்கியின் நாணயச் சபையிடம் இருந்தது. அரசாங்கத்துக்குக் கடன் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பும் அதே மத்திய வங்கியிடம் இருந்தது. கடன் கொடுப்பவரின் காவலரும் கடன் வாங்குபவரின் முகவரும் ஒரே கட்டடத்தில் அமர்ந்திருந்தார்கள். நிதியின் தொண்ணூறு சதவீதத்துக்கு மேற்பட்ட பணம் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களிலேயே முடங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அமைப்பின் ஆபத்து 2023இல் திடீரென்று முளைத்தது அல்ல. 2015 பெப்ரவரி 27ஆம் திகதிப் பிணைமுறி ஏலத்தையும் அதன் பின்னான கொடுக்கல் வாங்கல்களையும் விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, சேமலாப நிதி இரண்டாம்தரச் சந்தையில் அதிக விலைக்கு முறிகளை வாங்க வைக்கப்பட்டு நட்டப்பட்டதை வெளிக்கொணர்ந்தது. அதன் பின்னரும் நிதியின் உரிமையாளர்களுக்கு நிர்வாகத்தில் ஓர் ஆசனம் கிடைக்கவில்லை.

இப்போது இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பாருங்கள். நெருக்கடிக்குப் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் கண்ட நிறுவனங்களில் ஒன்று நாணயச் சபை. தொழிலாளியின் பணத்துக்கு அறங்காவலராக இருந்ததும் அதே நாணயச் சபை. தன் கொள்கைத் தவறினால் ரூபாவை வீழ்த்திய நிறுவனம், தான் காவல் காத்த பணத்தைக் கொண்டு அந்த வீழ்ச்சியின் நட்டத்தை ஈடுசெய்யச் சம்மதித்தது. அறங்காவலர் ஒருவர் தன் சொந்தக் கடனுக்குக் கோயில் உண்டியலைத் திறந்தால் ஊர் அதை ஏற்குமா? 2024இன் தொடக்கத்தில் மத்திய வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தைப் பெருமளவில் உயர்த்தியபோது பாராளுமன்றத்தில் கோபம் எழுந்ததற்குக் காரணம் தொகையின் அளவு மட்டுமல்ல, இந்த மாறுபாடும்தான்.

450 பில்லியன் எதற்கு?

வங்கிகள் ஏன் பலவீனப்பட்டன என்பதற்கும் நேர்மையான பதில் தேவை. இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களுக்கு டொலரில் பெருங்கடன் கொடுத்திருந்தன. தேர்தலை மனதில் வைத்து எரிபொருளைச் செலவுக்குக் குறைவாக விற்க அரசாங்கங்கள் கட்டளையிட்டன. நட்டத்தை அரச வங்கிகளின் புத்தகங்களில் எழுதி வைத்தன. 2022 முடிவில் கூட்டுத்தாபனத்தின் டொலர்க் கடன் திறைசேரிக்கு மாற்றப்பட்டது. அத்துடன் அரசாங்கத்தின் வெளிநாட்டு முறிகளை வாங்கி வைத்திருந்த வங்கிகளுக்கும் நட்டம் வந்தது. 450 பில்லியனின் பின்னணி இது. அரச வங்கிகளை வீழ விட்டிருக்க முடியாது. அந்த ஒதுக்கீட்டை முழுதாக எதிர்ப்பது பொறுப்பான நிலைப்பாடாகாது.

ஆனால் பொதுப்பணத்தை வாங்குகிறவர் கணக்குக் காட்ட வேண்டும். பாரிய கடன்களை வாங்கிக் கட்டாமல் விட்டவர்கள் யார், அந்தக் கடன்களுக்கு அனுமதி கொடுத்த பணிப்பாளர் சபைகள் எவை, அரசியல் சிபாரிசு எங்கே இருந்தது என்பதெல்லாம் மூலதனம் கொடுப்பதற்கு முன் மேசைக்கு வந்திருக்க வேண்டியவை. 2024இல் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் வங்கிகளின் அதிகாரம் சட்டத்தின் மூலம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. நொந்துபோன சிறு, நடுத்தர முயற்சியாளர்களுக்கு அது தேவையான மூச்சு. ஆனால் தோட்டத்துப் பெண்ணின் அடகு நகைக்கு அப்படியொரு தனிச்சட்டம் வரவில்லை. நுண்கடன்காரர் லயத்து வாசலில் வந்து நிற்கும் கிழமைத் தவணைக்கும் வரவில்லை. கடன்பட்டவர் யார் என்பதைப் பார்த்து இரக்கத்தின் அளவு மாறியது.

1884 சொல்லும் பாடம்

மலையகத்துக்கு வங்கி நெருக்கடி புதிதல்ல. இந்த மலைகளில் முதலில் விளைந்தது கோப்பி. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் பதினைந்து வருடங்களில் அந்தப் பயிரை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும் நாட்டில் நாணயத்தாள்களை வெளியிட்டும் வந்த ஓரியன்டல் வங்கி 1884 மே 3ஆம் திகதி மூடப்பட்டது. கையில் இருந்த நோட்டுகள் வெறும் காகிதமாகிவிடும் என்று நாடே பதறியது. ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்க உத்தரவாதம் கொடுத்தார். அதே ஆண்டில் நாணயச் சட்டம் இயற்றப்பட்டு, நோட்டு அச்சிடும் உரிமை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வங்கி தவறினால் பொதுப்பணம் ஈடுகொடுக்கும் என்ற வழக்கம் இத்தீவில் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வீழ்ச்சியில் தோட்டங்கள் கைமாறின. மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காமல் தொழிலாளர்கள் தவித்தார்கள். அதன் விளைவாக 1880களில் வந்த தொழிற்சட்டங்கள் ஒரு முக்கியமான கொள்கையை எழுதி வைத்தன: தோட்டத்தின் மீதான முதற்கடன் தொழிலாளியின் சம்பளம். தோட்டத்தை அடகு பிடித்த வங்கிக்கும் வர்த்தக நிறுவனத்துக்கும் முன்னதாக அவனுக்குக் கொடுக்க வேண்டும். காலனித்துவ அரசு கருணையினால் இதைச் செய்யவில்லை. கூலி கிடைக்காது என்ற பேச்சு தமிழகத்துக் கிராமங்களில் பரவினால் ஆள் வரமாட்டார்கள் என்ற கவலையே காரணம். இருந்தாலும் அந்தக் கொள்கை சரியானது. வங்கி தன் இலாபத்துக்காக அபாயத்தை அறிந்து கடன் கொடுக்கிறது. தொழிலாளி செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார். இருவரும் ஒரே வரிசையில் நிற்க முடியாது.

சேமலாப நிதி என்பது இன்னும் கொடுக்கப்படாத கூலி. செய்து முடித்த வேலைக்கு முதுமையில் தரப்படும் என்று சட்டம் வாக்களித்த சம்பளம். 1880களின் சட்டம் அறிந்திருந்த முறையை 2023இல் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் மறந்தது. மலையக மக்கள் தம் இருநூறு வருட வரலாற்றை நினைவுகூரத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கத் தொடங்கியதும் அதே 2023 ஜூலையில்தான்.

எல்லோரும் பொறுப்பா?

இலவசங்களுக்கு ஆசைப்பட்ட மக்கள் எல்லோருமே பொறுப்பு என்று கேட்கச் சுலபமான வாதம் ஒன்று உண்டு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் பெரும்பான்மை சஜித் பிரேமதாசவுக்கே கிடைத்தது. 2020 பொதுத் தேர்தலில் நிலைமை மாறியது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இணைந்திருந்த ஆளுங்கட்சி அணி வென்றது. வாக்களித்த பொறுப்பு மலையகத்துக்கும் உண்டு. ஆனால் வாக்களித்தவரின் பொறுப்பும், எச்சரிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு தவறான கொள்கையைத் தொடர்ந்தவரின் பொறுப்பும் ஒரே தராசில் நிற்காது. 2019இன் வருமான வரிக் குறைப்பு லயன் அறைக்குள் ஒரு சதமும் கொண்டுவரவில்லை. அந்த வரி கட்டும் அளவு சம்பளம் அங்கே எவருக்கும் இருந்ததில்லை. வரி திரும்பி ஏறியபோது மட்டும் அது லயத்துக்கும் வந்தது: 2024 ஜனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியாக, வாங்கும் சாமான்களின் மீது.

நம் தலைமைகளும் இந்தக் கணக்கில் தப்ப முடியாது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அமைச்சரவையைக் கடந்தபோது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் பொதுச்செயலாளர் ஜீவன் தொண்டமான் அந்த அமைச்சரவையில் இருந்தார். சந்தா கட்டும் தொழிலாளியின் சேமலாப நிதி குறித்து மலையகம் முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் அன்று எழுந்திருக்க வேண்டும். நாட்சம்பளத்துக்காகக் கூட்டப்படும் கூட்டங்களில் பாதி அளவாவது சேமலாப நிதிக்காகக் கூட்டப்படாதது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான குறை.

கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு. 2007இல் 500 மில்லியன் டொலரோடு தொடங்கிய சர்வதேச இறைமை முறிகள் பின்னர் 12 பில்லியன் டொலரைத் தாண்டின. அபாயம் இருக்கிறது என்று சொல்லித்தான் அதிக வட்டி வாங்கினார்கள். அபாயம் உண்மையானபோது அதன் நட்டத்தை ஏற்பது அவர்கள் ஒப்புக்கொண்ட வியாபார நிபந்தனை. சேமலாப நிதி விடயத்தில் 2023இல் சில மாதங்களிலேயே முடிவெடுக்கப்பட்டது. முறிக்காரர்களுடனான பேரம் 2024 டிசம்பர் வரை நீண்டது. அவர்களுக்காகப் பேசச் சட்டத்தரணிகளும் ஆலோசகர்களும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிக்காக அந்த மேசையில் ஒருவரும் இல்லை.

லேர்ன்ஏசியா நிறுவனம் 2023இல் நடத்திய ஆய்வு, பெருந்தோட்டத் துறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வறுமையில் இருப்பதாகக் கண்டது. 2019இன் அரசாங்கக் கணக்கிலேயே நாட்டில் 14.3 சதவீதமாக இருந்த வறுமை தோட்டங்களில் 33.8 சதவீதமாக இருந்தது. நெருக்கடிக்கு மிகக் குறைவான பங்களிப்பைச் செய்தவர்கள் அதன் பாரத்தை மிக அதிகமாகச் சுமந்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சேமலாப நிதியை மத்திய வங்கியின் கையிலிருந்து எடுத்துச் சுதந்திரமான அறங்காவலர் சபையிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குப் பெரும்பான்மை வேண்டும். பெருந்தோட்டத் துறைக்குத் தனி ஆசனம் வேண்டும். அரச கடன் முகாமைத்துவத்தைத் தனி அலுவலகமாகப் பிரிக்க 2024இல் சட்டம் இயற்ற முடிந்ததென்றால் இதுவும் முடியும்.

இரண்டாவதாக, 2022இன் பணவீக்கத்திலும் 2023இன் மறுசீரமைப்பிலும் நிதி இழந்ததைக் கணக்கிட்டு, அரச வருமானம் உயர உயரப் பகுதி பகுதியாகத் திருப்பிக் கொடுக்கும் அட்டவணையைப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். வங்கிக்கு 450 பில்லியன் ஒதுக்க வழி கண்ட திறைசேரிக்கு, தொழிலாளிக்குத் தவணை முறையில் கொடுக்கவாவது வழி தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, தோட்டங்களில் செலுத்தப்படாமல் கிடக்கும் சேமலாப நிதிப் பாக்கியையும் சேவைக்காலப் பணத்தையும் முதற்கடனாக அறவிட வேண்டும். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களே இதில் பெரும் பாக்கிதாரர்களாக இருப்பது வெட்கக்கேடு. சட்டத்தை மீறும் அரசாங்கம் கம்பனிகளை எப்படிக் கேட்கும்?

நான்காவதாக, நாட்சம்பளத்தை வாழ்க்கைச் செலவோடும் ஏல விலையோடும் இணைக்கும் சூத்திரம் வேண்டும். ரூபா வீழும்போது கம்பனிக்கு வரும் மேலதிக வருமானத்தில் ஒரு பகுதி தானாகவே சம்பளத்தில் சேர வேண்டும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் மே தின மேடையையும் நீதிமன்றத்தையும் எதிர்பார்க்கும் நிலைமை ஒழிய வேண்டும்.

ஐந்தாவதாக, உயர் நீதிமன்றம் பெயர் சொன்னதோடு விடயம் முடிந்துவிடக் கூடாது. 2008இல் வங்கிகள் வீழ்ந்தபோது ஐஸ்லாந்து விசாரணை ஆணைக்குழுவும் விசேட வழக்குத் தொடுநரும் அமைத்துப் பல வங்கியாளர்களைச் சிறைக்கு அனுப்பியது; முன்னாள் பிரதமரையே விசேட நீதிமன்றத்தில் நிறுத்தியது. தண்டனைகள் சிறியவையாக இருந்தாலும், பதவியில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அங்கே நிலைத்தது. பொதுப்பணம் பெறும் வங்கிகளின் பாரிய கடன்காரர் பட்டியலை வெளியிடுவது நமக்கு ஒரு தொடக்கமாக இருக்கும்.

நெருக்கடி மீண்டும் வராது என்று எந்த நாடும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அது வரும் வேளையில் யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆற அமர யோசிக்க அவகாசம் இருக்காது. ஒரு வங்கி விடுமுறைக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது குரல் உள்ளவரே தப்புவார், குரலற்றவரே செலுத்துவார். ஆகவே அந்த வரிசையைப் பதற்றமில்லாத இந்த நாட்களிலேயே சட்டமாக எழுதி வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் தொழிலாளியின் சேமலாப நிதி நாட்டின் முதற்கடனாக நிற்க வேண்டும். அதைத் தொடுவதற்கு முன், தவறு செய்தவரும் அபாயத்தை அறிந்து கடன் கொடுத்தவரும் தம் பங்கைச் செலுத்தி முடித்திருக்க வேண்டும். மலையகத்தின் தொழிற்சங்கங்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் கட்சி பேதமின்றி ஒன்றாக நின்று கேட்க வேண்டிய சட்டம் இதுதான்.